பழைய பஜேரோவின் எஞ்சின் போனால்: ஓவர்ஹாலா, ஹாஃப்-கட்டா, மாற்று எஞ்சினா, வேறு வண்டியா?

கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நான்கு சக்கர இயக்க வண்டியான 1990களின் மிட்சுபிஷி பஜேரோவை இன்னும் விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பெந்தோங், காராக், ரவுப் பக்கம் சிறு டுரியான் தோட்டம் வைத்திருந்து வார இறுதியில் உரமூட்டைகளோடு செம்மண் ஏற்றத்தில் ஏற வேண்டியிருப்பவர்கள், அப்பா வாங்கிய வண்டியை விற்க மனம் வராதவர்கள், மலைப் பாதையில் ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் என்று காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் இவர்களில் பலர் ஒரு நாள் ஒரே நிலைக்கு வந்து சேர்கிறார்கள். காராக் நெடுஞ்சாலையின் கெந்திங் செம்பா ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடுகிறது. சில நாள்களில் ரேடியேட்டரில் குமிழிகள் தோன்றுகின்றன. பட்டறையில் ஃபோர்மன் "அண்ணே, ஹெட் போச்சு" என்கிறார், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைச் சொல்லி. அடுத்து அவர் சொல்லும் வழிகள் பெரும்பாலும் மூன்று: இருக்கும் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்வது (ஓவர்ஹால்), ஜப்பானில் கழித்த வண்டியின் வெட்டிய முன்பாதியோடு (ஹாஃப்-கட்) வந்த எஞ்சினைப் போடுவது, வேறு வகை எஞ்சினுக்கே மாறிவிடுவது. விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குவது நான்காவது வழி. அதை ஃபோர்மன் சொல்லமாட்டார், வீட்டில் சொல்வார்கள்.

மாதத்தில் சில முறை தோட்டத்துக்குப் போய்வரும், நகரத்திலும் அவ்வப்போது ஓடும் வண்டியை மனத்தில் வைத்தே இவ்வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். நாள்தோறும் கூட்டரசுப் பிரதேச நெரிசலில் ஓட வேண்டிய வண்டி என்றால் கணக்கு வேறு. எந்த எஞ்சின் என்ற கேள்வியை எல்லாரும் முதலில் எடுக்கிறார்கள். என் பார்வையில் அது இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி. எஞ்சினைக் கெடுத்தது எது, எஞ்சினைச் சுமக்கும் வண்டி இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் எந்த எஞ்சினுக்குப் பணம் கட்டினாலும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிய பணம்தான்.

எடுத்துக்கொண்ட வண்டி 1991இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை பஜேரோ. எஞ்சின் 2,477 சிசி கொண்ட 4டி56 டர்போ டீசல். இதன் பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவதால், அளவுமீறிய வெப்பம் ஒரு முறை ஏறினாலே ஹெட் வளையலாம், வால்வு இருக்கைகளுக்கு இடையில் விரிசல் விடலாம். இந்த எஞ்சினுக்கு அமைந்த பலவீனம் இது. ஆனால் தானாக வருவதில்லை. அரைகுறையாக அடைத்துப்போன ரேடியேட்டர், பிடிப்பு தளர்ந்த ஃபேன் கிளட்ச், கூலண்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் ஊற்றிய குழாய்த் தண்ணீர், சூடேறுகிறது என்பதற்காக யாரோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட் ஆகியவை சேர்ந்துதான் ஹெட்டை உடைக்கின்றன. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ரேடியேட்டரைப் புதுப்பிப்பது அல்லது மாற்றுவது, வாட்டர் பம்ப், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள், சரியான கூலண்ட் ஆகியவற்றின் செலவு தவிர்க்க முடியாதது. பட்டறைகள் தரும் விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது இந்தச் செலவு எல்லாவற்றிலும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹாஃப்-கட் எஞ்சினின் விலை மலிவாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம், பழைய ரேடியேட்டரோடு அப்படியே மாட்டித் தருவதாகக் கணக்குப் போட்டிருப்பதுதான்.

ஹெட் உண்மையில் போய்விட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். குமிழி வந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் மட்டும் எரிந்திருக்கவும் கூடும். ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயுவின் கசிவைக் காட்டும் நிறம் மாறும் திரவச் சோதனை, நான்கு சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை, ஹெட்டைக் கழற்றியபின் லேத் பட்டறையில் அழுத்தம் கொடுத்துச் செய்யும் விரிசல் சோதனை என மூன்று படிகள் உள்ளன. முதல் இரண்டையும் எஞ்சினைத் திறக்காமலே செய்யலாம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்து, எண்ணெய் குடிப்பதும் குறைவாக இருந்தால், பிஸ்டன்களும் கிராங்க் தண்டும் உள்ள கீழ்ப்பகுதி நலமாக இருக்கிறது என்று நம்பலாம். அப்போது ஹெட் பகுதியை மட்டும் சீர்செய்யும் டாப் ஓவர்ஹால் போதும். இந்த அளவீடுகளை எழுதித் தராத பட்டறையில் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

எஞ்சினுக்கு முன் வண்டி

சாலையில் உப்புத் தூவும் குளிர்நாடுகளின் துரு நமக்கில்லை. ஆனாலும் பின்சக்கர வளைவுகள், அடிச்சட்டமான சேசிஸின் பின்பகுதி, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பின்கதவில் தொங்கும் உதிரிச் சக்கரத்தின் தாங்கி ஆகிய இடங்களில் சேறு தேங்கித் தேங்கி அரித்திருக்கும். வண்டியைத் தூக்கி, சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தல் விழுந்த சேசிஸுக்கு நல்ல எஞ்சின் போடுவதைவிட, விற்கும் வழியை நேராக நாடுவது மேல்.

அடுத்தது நான்கு சக்கர இயக்கம். இந்தத் தலைமுறையில் அறிமுகமான சூப்பர் செலக்ட் அமைப்புதான் பஜேரோவைப் பழைய வண்டிகளின் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. முன், பின் அச்சுகளை வேறுபட்ட வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இதில் இருப்பதால் மழைநாளில் காராக் நெடுஞ்சாலையின் ஈரத் தாரிலும் நான்கு சக்கரங்களையும் இயக்கிக்கொண்டே போகலாம். நடு டிஃபரன்ஷியல் இல்லாத பிக்கப்பில் அப்படிச் செய்தால், வளைவுகளில் முன்னும் பின்னும் வேறுபட்ட தூரம் சுற்ற வேண்டிய சக்கரங்கள் இயக்கத் தண்டுகளை முறுக்கும். ஆனால் பஜேரோவில் முன் அச்சை இணைப்பதும் பிரிப்பதும் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு கருவி. அதற்கான மெல்லிய ரப்பர் குழாய்கள் எஞ்சின் சூட்டில் வெடித்துப்போகும், மின்வால்வுகளான சொலினாய்டுகள் அடைத்துக்கொள்ளும். அப்போது மீட்டரில் சக்கர விளக்குகள் நிற்காமல் மின்னிக்கொண்டேயிருக்கும். முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸே போய்விட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சில மீட்டர் குழாயும் ஒரு சொலினாய்டும் மாற்றினால் தீரும் குறையாகவே பெரும்பாலும் இருக்கும். விளக்கு மின்னுவதை மட்டும் பார்த்து வண்டியை விலைபேசி விற்றுவிடாதீர்கள். வாங்க வருகிறவர் அந்த விளக்கைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்.

சேசிஸும் இயக்கமும் தேறிவிட்டன என்று வைத்துக்கொண்டு எஞ்சினுக்கு வருவோம்.

ஓவர்ஹால்

இருக்கும் எஞ்சினையே பிரித்துச் சீர்செய்வதன் பெரிய நன்மை, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடுவது. கிராங்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சிலிண்டர் சுவர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதை அளந்து எண்ணாக எழுதலாம். தேவைப்பட்டால் சிலிண்டரைக் கடைந்து பெரிய அளவு பிஸ்டன் போடலாம். 4டி56க்கு உதிரிபாகம் கிடைப்பது ஒரு பெரிய வசதி. மிட்சுபிஷியின் எல்200 ஸ்டோர்ம் பிக்கப்பில் இதே எஞ்சின்தான். ஹியுண்டாயும் இதை உரிமம் பெற்றுத் தயாரித்து ஸ்டாரெக்ஸ் வேன் உட்படப் பல வண்டிகளில் போட்டது. பஜேரோ அருகிப்போனாலும் கேஸ்கெட், பேரிங், ரிங், வாட்டர் பம்ப் ஆகியவை கடைகளில் தொடர்ந்து கிடைப்பதற்கு அது காரணம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிற்காலத்து டிரைட்டன் பிக்கப்பில் வந்த, மின்னணுக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்த டீசல் பாய்ச்சும் காமன்-ரெயில் எஞ்சினுக்கும் 4டி56 என்றே பெயர். அதன் ஹெட் முற்றிலும் வேறு. பெயரை மட்டும் சொல்லி உதிரிபாகம் வாங்க ஆளனுப்பினால் அலைச்சல்தான் மிச்சம்.

விரிசல் விட்ட ஹெட்டை வெல்டு செய்து தருவதாகச் சொல்வார்கள். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் விரிசல் வால்வு இருக்கைகளுக்கு நடுவே, வெப்பம் உச்சமாக இருக்கும் இடத்தில் இருப்பதால், வெல்டு செய்த ஹெட்டை நம்பிக் குடும்பத்தோடு காராக் ஏற்றத்தில் போக நான் துணியமாட்டேன். இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹெட்டும் அதே வயதுடையது, அதே வெப்பத்தைக் கண்டது. புதிய மாற்றுத் தயாரிப்பு ஹெட் வாங்குவதே முறை. வெறும் ஹெட்டா, வால்வு, ஸ்பிரிங், கேம் தண்டு எல்லாம் பொருத்திய முழு ஹெட்டா என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். விலை வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு, அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் தண்டுகளுக்கென்று இன்னொரு சிறு பெல்ட்டும் உண்டு. அந்தச் சிறு பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். ஆகவே இரண்டு பெல்ட்டுகளையும் அவற்றின் டென்ஷனர்களையும் ஒன்றாக மாற்றாமல் எஞ்சினை மூடக்கூடாது. கிராங்கின் முன் சீல், பின் சீல், கிளட்ச் தட்டு ஆகியவையும் அப்போதே. எஞ்சின் வெளியே இருக்கும்போது இவற்றுக்குக் கூலி ஏறக்குறைய இல்லை. பிறகு செய்தால் கூலிதான் பெரும்பங்கு.

ஓவர்ஹாலின் குறை நேரம். லேத் பட்டறைக்கு அனுப்பி, அளந்து, பாகம் வரவழைத்து, திரும்பப் பொருத்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பட்டறை நிறைய வேலை வைத்திருந்தால் மாதக்கணக்கிலும் ஆகும். வேலையின் தரம் முழுவதும் ஒருவரின் கையில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய குறை. செகாம்புட், ஜாலான் ஈப்போ, கிள்ளான் பக்கமெல்லாம் பழைய டீசலில் கை பழகிய ஃபோர்மன்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவருகிறது, அவர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களும் குறைவு. முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனர் இல்லாமல் கை உணர்வாலேயே ஹெட் போல்ட்டை இறுக்குபவரிடம், அவர் எத்தனை ஆண்டு அனுபவம் சொன்னாலும், அலுமினிய ஹெட்டைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஹாஃப்-கட்

ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டியை நடுவே வெட்டி, எஞ்சின், கியர்பெட்டி, மின்கம்பிகள், டாஷ்போர்டு ஆகியவை அடங்கிய முன்பாதியை இறக்குமதி செய்து விற்பது மலேசியாவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வணிகம். நம் பட்டறைகளின் பாதிப் பிழைப்பு இதனால் ஓடியது என்றாலும் மிகையில்லை. இதன் கவர்ச்சி வெளிப்படையானது: டர்போ, டீசல் பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்தே வருகின்றன, சில நாள்களில் வண்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. எஞ்சினோடு டர்போவும் பம்ப்பும் சேர்ந்து தேய்ந்துவிட்ட வண்டிக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சீர்செய்வதைவிட இது மலிவாகவே முடியும்.

ஆனால் இன்று அந்த வழி பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்தது போல இல்லை. ஜப்பான் தன் பெருநகர்ப் பகுதிகளில் பழைய டீசல் வண்டிகளை நெருக்கிச் சட்டங்கள் கொண்டுவந்தது. 2001இல் திருத்தப்பட்ட, வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு, துகள் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2003 அக்டோபரில் டோக்கியோவிலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் நடப்புக்கு வந்த டீசல் கட்டுப்பாடும் அவற்றுள் முக்கியமானவை. அக்காலத்தில் ஜப்பானியச் சாலைகளை விட்டு வெளியேறிய டீசல் வண்டிகள் வயதில் இளையவை. இன்று 4டி56 ஹாஃப்-கட் என்று காட்டப்படும் எஞ்சினும் உங்கள் எஞ்சினைப் போலவே ஏறத்தாழ முப்பது வயதுடையது. அதன் ஹெட்டும் அதே அலுமினியம். எங்கோ ஒரு முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் எத்தனை காலம் கிடந்தது என்பதையும் யாரும் சொல்லமாட்டார்கள். ஜப்பானிய உள்நாட்டு வண்டிகளில் சிலவற்றில் டீசல் பம்ப் மின்னணுக் கட்டுப்பாட்டில் இருக்கும். அதை நம் வண்டியின் கம்பிகளோடு இணைப்பது தனி வேலை, தனிச் செலவு.

வாங்குவதென்றால், பணம் கொடுக்கும் முன் வால்வு மூடியைத் திறந்து எண்ணெய்க் கசடு பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்து தண்ணீர்ப் பாதையில் துரு பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் அழுத்தத்தையும் கண்ணெதிரே அளக்கச் சொல்ல வேண்டும். உத்தரவாதம் பொதுவாகக் குறுகியது. அதுவும் எஞ்சினை மாற்றித் தருவதோடு நின்றுவிடும், இரண்டாம் முறை கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில். பொருத்துமுன் இரு பெல்ட்டுகளும் சீல்களும் வாட்டர் பம்ப்பும் மாற்றத்தான் வேண்டும். இத்தனையும் கூட்டிப் பார்த்தால் டாப் ஓவர்ஹாலுக்கும் ஹாஃப்-கட்டுக்கும் இடையிலான செலவு இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், இன்று ஹாஃப்-கட்டின் உண்மையான மதிப்பு எஞ்சினைச் சுற்றியுள்ள பொருள்களில்தான்: முன் டிஃபரன்ஷியல், வெற்றிடக் கருவி, விளக்குகள், ஏர்கோன் பாகங்கள், மீட்டர் பலகை. தனியாகத் தேடினால் கிடைக்காதவை இவை.

எஞ்சினின் எண் மாறுகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. வாங்கிய ரசீது, இறக்குமதி ஆவணம் ஆகியவற்றோடு சாலைப் போக்குவரத்துத் துறையில் தெரிவித்து, வாகனச் சோதனை முடித்து, பதிவில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பெயர்மாற்றத்தின்போது சோதனையில் எண் ஒத்துவராமல் நிற்கும்போதுதான் ரசீதைத் தேடுகிறார்கள், அதற்குள் விற்ற கடையே இடம் மாறியிருக்கும். ஆவணம் தராத கடையில் எஞ்சின் எவ்வளவு நன்றாக உறுமினாலும் வாங்காதீர்கள்.

வேறு வகை எஞ்சின்

4டி56ஐ வைத்துக்கொண்டு பட்ட பாடு போதும் என்று சொல்பவர்கள், அதே தலைமுறைப் பஜேரோவில் வந்த 2,835 சிசி 4எம்40 டீசலையோ, 2,972 சிசி 6ஜி72 வி6 பெட்ரோலையோ, இசுஸுவின் 2,771 சிசி 4ஜேபி1 டீசலையோ நாடுகிறார்கள். 4எம்40இல் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. 4ஜேபி1இன் ஹெட் வார்ப்பிரும்பு. சூட்டுக்கு அவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்காது. வி6 பெட்ரோல் அமைதியானது, நகரத்துக்கு இதமானது.

முதலில் சாலை வரியைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் தனியாருக்குச் சொந்தமான, செடான் அல்லாத வண்டிகளுக்கு 2,001 முதல் 2,500 சிசி வரை 440 ரிங்கிட்டோடு 2,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 80 காசு. 2,501 முதல் 3,000 வரை 840 ரிங்கிட்டோடு 2,500க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 1.60 ரிங்கிட். அந்தக் கணக்கில் 4டி56க்கு ஆண்டுக்கு 821.60 ரிங்கிட், 4ஜேபி1க்கு 1,273.60, 4எம்40க்கு 1,376, வி6க்கு 1,595.20. எஞ்சினின் விலையை ஒரு முறைதான் கொடுக்கிறோம், இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் கொடுக்கிறோம்.

எரிபொருள் கணக்கு இன்னும் சுவையானது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியம் விலக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது, அதன்பின் விலை சந்தைக்கேற்ப மாறிவருகிறது. மறுபக்கத்தில் 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள மலேசியருக்கு ரோன் 95 பெட்ரோல் மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் திட்டம் வந்தது. இதைக் கண்டுதான் பெட்ரோலுக்கு மாறும் பேச்சு சூடுபிடித்தது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். டீசல் பஜேரோ லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர், 3.35 விலையிலேயே 335 ரிங்கிட். வி6 லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தால் 167 லிட்டர், 1.99 விலையில் ஏறத்தாழ 332 ரிங்கிட். ஆக, டீசலை 2024 ஜூன் விலையிலும் பெட்ரோலை 2025இன் மானிய விலையிலும் வைத்துப் பார்த்தும் இரண்டும் சமம். டீசல் வண்டி வைத்திருக்கும் தனிநபருக்கென 2024இல் அறிவிக்கப்பட்ட புடி மடானி உதவித்தொகை மாதம் 200 ரிங்கிட்டுக்கு, தம்பதியரின் ஆண்டு வருமானம் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதிருத்தல் போன்ற நிபந்தனைகளின்படி தகுதி பெற்றோருக்கு அந்த விலைகளில் டீசலே மலிவு. மானியத்தை நம்பி எஞ்சினை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த மானியமும் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதை எஞ்சின் கணக்கில் எழுத முடியாது.

இவற்றுக்கு மேல், எஞ்சின் தாங்கிகள், கியர்பெட்டி இணைப்பு, மீட்டர், ரேடியேட்டர் அளவு, புகைபோக்கி என ஒவ்வொன்றும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும். பிறகு ஏதேனும் பழுதானால் அதைச் செய்தவரைத் தவிர வேறு ஃபோர்மன் கைவைக்கத் தயங்குவார். சேற்றுப் பந்தயத்துக்காக வண்டி தயார் செய்பவர்களுக்கு இது பொருந்தலாம். தோட்டத்துக்குப் போய்வருவோருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

விற்றுவிட்டு பிக்கப்

உதாரணமாகப் பழைய ஹைலக்ஸ் வீகோ, டிரைட்டன், டி-மேக்ஸ். தோட்ட வேலை மட்டுமே நோக்கமென்றால் பிக்கப் நியாயமான தேர்வு. உரமூட்டை, தெளிப்பான், மூங்கில் எல்லாம் பின்னால் போய்விடும். டுரியான் கூடைகளும் பின்னாலேயே இருக்கும் என்பதால் அடுத்த வாரம் வரை வண்டிக்குள் அந்த மணத்தோடு கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. பழைய பஜேரோவின் ரிப்பேருக்குக் கையிலிருந்து பணம் வேண்டும். பிக்கப்பை வயதைப் பொறுத்து வங்கிக் கடனில் வாங்கலாம். ஆனால் கடன் என்பது ஒவ்வொரு மாதமும் வருவது, பழுது அப்படியில்லை.

பிக்கப்பின் காமன்-ரெயில் எஞ்சின் வலுவும் சிக்கனமும் உள்ளது. ஆனால் இன்ஜெக்டர்களும் உயர் அழுத்தப் பம்ப்பும் அழுக்கையும் தண்ணீரையும் பொறுக்காது, நான்கு இன்ஜெக்டர்களும் ஒருசேரப் போனால் அந்த ஒரு செலவே 4டி56இன் டாப் ஓவர்ஹாலோடு போட்டிபோடும். பழைய பஜேரோ உதிரிபாகம் தேடவைக்கும்; பத்து வயது பிக்கப் கணினிச் சோதனைக்கருவி தேடவைக்கும். இரண்டில் எது உங்கள் ஊர்ப் பட்டறையில் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதைப் பார்க்காமல் இப்போது பிக்கப் வாங்கக்கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உட்பட சிலாங்கூரின் பல இடங்களில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. இருக்கை பெல்ட்டை முழுவதும் இழுத்து அடியில் சேற்றுக்கோடு பார்ப்பது, கம்பளத்தைத் தூக்கித் தரையில் துரு பார்ப்பது, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் படிவு பார்ப்பது ஆகிய மூன்றையும் விற்பவர் எதிரிலேயே செய்யலாம்; கோபித்துக்கொண்டால் அதுவே விடை.

காப்பீட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். 15 வயதைக் கடந்த வண்டிக்கு முழுக் காப்பீடு தர நிறுவனங்கள் பொதுவாகத் தயங்கும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டோடு ஓட்ட வேண்டியிருக்கும், திருடு போனால் ஒன்றும் திரும்பாது. பிக்கப்புக்கு முழுக் காப்பீடு கிடைத்தாலும், பத்து வயதைக் கடந்துவிட்டால் விபத்துப் பழுதில் புதிய பாகத்தின் விலையில் 40 விழுக்காடு வரை உரிமையாளரே ஏற்கவேண்டி வரலாம்.

தோட்டத்திலேயே விட்டுவைப்பது

பலர் யோசிக்காத வழி இது. மைவி காரில் தோட்டத்தடி வரை போய், அங்கே நிற்கும் பஜேரோவில் ஏறி மேலே செல்வது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் வயதான லேண்ட் ரோவர்கள் இன்றும் இப்படித்தான் உழைக்கின்றன. நெடுஞ்சாலை ஏற்றமே இல்லாததால் எஞ்சினுக்கு வெப்பச் சுமை குறைவு. வெறும் டாப் ஓவர்ஹாலே நீண்ட நாள் தாங்கும். ஆனால் தோட்டத்துக்குள் போகும் பாதை உண்மையில் தனியார் நிலமா, கிராமச் சாலையா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பொதுச் சாலையில் கால் வைத்தாலே சாலை வரியும் காப்பீடும் வேண்டும். நடப்பில் உள்ள சாலை வரி இல்லாவிட்டால் டீசல் உதவித்தொகையையும் மறந்துவிட வேண்டியதுதான். நின்றே கிடக்கும் வண்டிக்கு வேறு நோய்களும் உண்டு. நம் டீசலில் கலக்கப்படும் செம்பனை பயோடீசல் பழைய பம்ப்புக்கு வழவழப்புத் தருவதால் ஓடும் வண்டிக்கு நன்மைதான். ஆனால் அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும், மாதக்கணக்கில் அரைத் தொட்டியாக நின்றால் அடியில் தண்ணீரும் பாசி போன்ற கசடும் சேரும். தொட்டியை நிரப்பி வைப்பது, வடிகட்டியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுவது, எலி கடிக்காமல் பானட்டைத் திறந்து வைப்பது ஆகியவை போதும்.

சேசிஸ் நலமாக, கீழ்ப்பகுதி அழுத்தம் சீராக இருந்தால் புதிய ஹெட்டோடு டாப் ஓவர்ஹாலும் முழுக் குளிரூட்டும் அமைப்பும் என்பதே என் தேர்வு. கீழ்ப்பகுதியும் போயிருந்து, கையில் நேரம் இருந்தால் முழு ஓவர்ஹால். டர்போ, பம்ப், எஞ்சின் மூன்றும் ஒருசேரப் போயிருந்து, அழுத்தத்தை அளந்து ஆவணமும் தரும் கடை கிடைத்தால் மட்டும் ஹாஃப்-கட். சேசிஸ் அரித்திருந்தால் பிக்கப். வண்டியை உதிரிபாகமாக விற்றாலும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஆள் இருப்பார்கள்.

ஓவர்ஹால் என்று முடிவெடுத்துவிட்டால், பட்டறைக்கு முதல் தவணையைக் கொடுக்கும்போதே பழைய ஹெட்டும் பழைய பிஸ்டன்களும் உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. மாற்றியது எது, மாற்றாதது எது என்பது அப்போது கையில் தெரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் முதல் 1,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். அதுவரை காராக் ஏற்றத்தில் சுமையோடு போகாதீர்கள். மீட்டர் முள்ளை நம்பாமல் ஹெட்டின் வெப்பத்தைத் தனியே காட்டும் ஒரு சிறு வெப்பமானியையும் அப்போதே பொருத்திக்கொள்ளலாம். தண்ணீர் வற்றிவிட்டால் வண்டியின் சொந்த முள் சூட்டைக் காட்டாமல் போகலாம். ஹெட்டின் உலோகத்தில் பதித்த உணரி அப்போதும் சூட்டைச் சொல்லும்.